பழைய கேசட்டிலிருந்து குரலை எடுப்பது எப்படி? ரிஸ்டோரேஷனும் மாஸ்டரிங்கும், ஆரம்பத்திலிருந்து

"இதைக் கொஞ்சம் மாஸ்டரிங் பண்ணித் தாங்க" என்று வருகிறவர்களில் ஒருவர் கையில் முப்பது வருடப் பழைய கேசட் இருக்கும். இன்னொருவர் போன வாரம் பாடிப் பதிவு செய்த மாதா கோயில் திருவிழாப் பாட்டைப் பென்டிரைவில் கொண்டு வந்திருப்பார். அடுத்தவருக்குக் கல்யாண வீடியோவில் ஓடும் ஜெனரேட்டர் சத்தம் போனால் போதும். மூன்றும் வேறு வேறு வேலை, ஆகும் நேரமும் வேறு, கூலியும் வேறு. ஆனால் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வழங்குகிறது, கூடவே ஒரு நம்பிக்கையும் இருக்கிறது: கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் இரைச்சல் போய் குரல் தெளிந்துவிடும் என்று.

அப்படி ஒரு பட்டன் இல்லை. இருப்பதாகச் சொல்லும் ஆப்கள் நிறைய உண்டு. அவற்றில் போட்டு, பேசுகிறவர் யாரென்றே தெரியாத அளவுக்குக் குரல் கெட்டுப்போய் வந்த பதிவுகளையும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை எழுதலாம் என்று தோன்றியது.

இராமநாதபுரம் கடற்கரைக்கு இது சின்ன விஷயமும் இல்லை. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போன சபுராளிகள் (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள்), வீட்டுக்கு வீடு போன் வருவதற்கு முன்னால், கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். இங்கிருந்து உம்மாவும் பிள்ளைகளும் பதில் பேசி அனுப்பினார்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை டூ இன் ஒன் என்கிற ரேடியோ-கேசட் பெட்டியில் பிடித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், இலங்கை வானொலி இங்கே அவ்வளவு தெளிவாகக் கேட்கும், அதிலிருந்து பதிவு செய்தவையும் பரண்களில் கிடக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

நான்கு வேலைகள், நான்கு பெயர்கள்

கேசட்டையோ இசைத்தட்டையோ ஓடவிட்டு, அதன் ஒலியைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றுவது டிரான்ஸ்ஃபர். அந்த ஃபைலில் வயதாலும் சேதத்தாலும் கருவிகளாலும் வந்து சேர்ந்த கோளாறுகளைக் குறைப்பது ரிஸ்டோரேஷன். புதுப் பாட்டில் குரல், தவில், கீபோர்டு என்று தனித்தனியாகப் பதிவானவற்றை அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பது மிக்சிங். கலந்து முடிந்த பாட்டை, அல்லது சுத்தம் செய்து முடிந்த பழைய பதிவை, மக்கள் கேட்கப்போகும் இடத்துக்குத் தகுந்தபடி கடைசியாகச் சரிசெய்து வெளியே அனுப்பும் பிரதியைத் தயாரிப்பது மாஸ்டரிங்.

மிக்சிங்கில் குரலை மட்டும் ஏற்றலாம், தவிலை மட்டும் இறக்கலாம். மாஸ்டரிங்குக்கு வரும்போது எல்லாம் ஒரே ஃபைலாகக் கலந்துவிட்டிருக்கும். "மாஸ்டரிங்கில் குரலை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்று கேட்பதில் சிக்கல் அங்கேதான். குரல் இருக்கும் பகுதியைத் தூக்கினால் அதே பகுதியில் இருக்கும் நாதஸ்வரமும் சேர்ந்து எழும்பும்.

டேப்பில் குரல் எங்கே இருக்கிறது

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டு வந்த கேசட்டில் இருக்கும் டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் நாடாவின் மேல், பசையில் குழைத்த இரும்பு ஆக்சைடுத் துகள் பூசியிருக்கும். பதிவு செய்யும்போது ஹெட் என்கிற சின்ன மின்காந்தம் அந்தத் துகள்களை ஒலியின் ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தபடி காந்தமாக்கிவிட்டுப் போகிறது. திரும்பக் கேட்கும்போது அந்தக் காந்த வரிசை ஹெட்டின் முன்னால் ஓட, அதில் மின்சாரம் பிறக்கிறது. அவ்வளவுதான்.

இந்த நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. ஒலி வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சொல்வார்கள். மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையும், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டிய பல நுணுக்கங்களும் சில ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவிக் கிடக்கின்றன. வினாடிக்கு 10,000 அதிர்வுகள் 4.76 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்றால், ஒவ்வொரு அதிர்வுக்கும் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்குக்கும் குறைவு.

அவ்வளவு நெருக்கமான எழுத்தைப் படிக்க, ஹெட்டின் இடைவெளி டேப்புக்கு மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். இந்தக் கோணத்துக்கு ஆசிமத் என்று பெயர். ஸ்டீரியோ கேசட்டில் ஒவ்வொரு தடமும் சுமார் 0.6 மில்லிமீட்டர் அகலம். ஹெட் வெறும் அரை டிகிரி சாய்ந்தாலே, தடத்தின் ஒரு ஓரத்தில் ஓர் அதிர்வும் மறு ஓரத்தில் அடுத்த அதிர்வும் ஒரே நேரத்தில் படிக்கப்பட்டு, 10,000 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய முழுக்க அடிபட்டுப் போகும். கேட்கிறவருக்கு அது கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற குரலாகத்தான் இருக்கும், "கேசட் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்.

பெரும்பாலும் கேசட் கெடவில்லை. அன்றைக்கு எந்த டூ இன் ஒன்னில் பதிவு செய்தார்களோ அதன் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கிறது, இன்றைக்கு கேசட்டை ஓட்டுகிற கருவியான டெக்கில் அது நேராக இருக்கிறது. டெக்கின் ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மெதுவாகத் திருப்பி அந்தப் பழைய சாய்வுக்கே கொண்டு போனால் குரல் விடிந்தது போலத் தெளியும். எந்த சாஃப்ட்வேரும் தராத தெளிவு அது, ஏனென்றால் இது டேப்பில் நிஜமாக இருப்பதையே எடுக்கிறது. ஆசிமத் சரியில்லாமல் எடுத்த ஃபைலை அப்புறம் எவ்வளவு விலையுள்ள சாஃப்ட்வேரில் போட்டாலும் போன விவரம் வராது. ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒரே கேசட்டின் இரண்டு பக்கங்களுக்கும், இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான், இதற்குத்தான் யாரும் கூலி தர நினைப்பதில்லை.

இதுவரை பார்த்ததில் முக்கியமானது: குரல் டேப்பில் மிக நுண்ணிய காந்த வரிசையாக இருக்கிறது, அதை முழுமையாகப் படித்து எடுப்பதுதான் முதல் வேலை, சுத்தம் செய்வது அதற்கு அப்புறம்தான்.

உப்புக் காற்றும் ஈரமும்

கடலோரத்தில் கேசட்டுக்கு வரும் கேடுகள் வேறு மாதிரி. டேப் துருப்பிடித்துவிட்டது என்று சொல்வார்கள், உண்மையில் டேப்பில் பூசியிருப்பதே ஏற்கெனவே ஆக்சைடாகிவிட்ட இரும்பு, அது மேலும் துருப்பிடிப்பதில்லை. துருப்பிடிப்பது சுற்றியிருக்கும் உலோகம்: கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டை மூடும் திருகு, டேப்பை ஹெட்டோடு அணைத்து வைக்கும் சின்னப் பஞ்சுத் துண்டைத் தாங்கும் தகடு. அந்தப் பஞ்சின் பசை காய்ந்து விழுந்துவிட்டாலே ஒலி மங்கி மங்கி வரும். நல்ல கேசட் ஒன்றின் கூட்டுக்குள் டேப்பை மாற்றிப் போட்டால் இது தீர்ந்துவிடும், பத்து நிமிட வேலை.

இன்னொன்று பூஞ்சை. வடகிழக்குப் பருவமழை முடிந்து கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரியும். அந்தக் கேசட்டை ஓட்டவே கூடாது. ஓட்டினால் பொடி டெக் முழுக்கப் பரவி அடுத்து போடும் கேசட்டுக்கும் தொற்றும், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் டேப் கிழியும். முதலில் காய்ந்த இடத்தில் வைத்து ஈரத்தைப் போக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சுத்தம் செய்து, அப்புறம்தான் டெக்கில் ஏற்ற வேண்டும்.

வேகத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு வழி

பேட்டரியில் ஓடும் டூ இன் ஒன்னில் பதிவு செய்யும்போது பேட்டரி தீர்ந்துகொண்டே வந்தால் டேப் மெதுவாக ஓடியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் இப்போது ஓட்டினால் பேச்சு வேகமாகும், குரலும் கீச்சென்று உயரும். கேசட்டின் கடைசியில் வாப்பாவின் குரல் சின்னப் பையன் குரலாக மாறுவதற்குக் காரணம் இதுதான்.

சரியான வேகம் எது என்று எப்படித் தெரியும்? கரன்ட்டில் ஓடிய ரெக்கார்டர் என்றால், மின்சாரத்தின் உறுமல் மெல்லியதாக டேப்பிலேயே பதிந்திருக்கும், அதை ஹம் என்பார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபைலில் அந்த ஹம் 53-இல் தெரிந்தால் டேப் ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம், சுருதியில் அரைக் கட்டை ஏறியிருக்கும். அன்றைய மின்சாரமே கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால் இதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, குரலைத் தெரிந்த வீட்டாரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வளைகுடாக் கேசட்டில் இன்னொரு கவனம் தேவை: துபாய், குவைத்தில் 50 ஹெர்ட்ஸ், சவூதியில் 60. எந்த நாட்டிலிருந்து பேசினார் என்று கேட்காமல் வேகத்தை மாற்றினால் ஆளே மாறிப்போவார்.

ஃபைலாக மாற்றுவது

ஒலியை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்ணாக எழுதி வைப்பதுதான் டிஜிட்டல் பதிவு. ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியில் வினாடிக்கு 44,100 சாம்பிள். பாதுகாத்து வைக்க வேண்டிய பழைய பதிவுகளைப் பெரும்பாலும் வினாடிக்கு 96,000 சாம்பிள், 24 பிட் என்ற அளவில் எடுக்கிறார்கள். பிட் என்பது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுட்பமாக எழுதுகிறோம் என்ற கணக்கு.

இதில் மக்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் நேரம். 90 நிமிடக் கேசட்டை எடுக்க 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், நடுவில் ஹெட் அழுக்காகிவிட்டால் நிறுத்திச் சுத்தம் செய்து அந்த இடத்திலிருந்து மறுபடி. இப்படி எடுத்த மூல ஃபைலை யாரும் தொடக்கூடாது. அதைப் பத்திரப்படுத்திவிட்டு, பிரதி எடுத்து அதில்தான் மற்ற வேலைகள். பத்து வருடம் கழித்து இன்னும் நல்ல கருவி வரும், அப்போது திரும்பப் போக மூலம் இருக்க வேண்டும்.

இரைச்சலை எடுப்பது என்றால் என்ன நடக்கிறது

கரைவலையோ செவுள்வலையோ, வலைக்கு மீனின் பெயர் தெரியாது, வலைக்கண்ணின் அளவு மட்டும்தான் தெரியும். கண்ணை விடச் சிறியது எல்லாம் வெளியே போகும், அது நல்ல மீனாக இருந்தாலும். இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேரும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. யாரும் பேசாத இரண்டு வினாடியை எடுத்து, 'இங்கே இருப்பது வெறும் இரைச்சல், ஒவ்வொரு அலைவரிசையிலும் இதன் அளவு இவ்வளவு' என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் பதிவு முழுக்கப் போய், எந்த அலைவரிசையில் அந்த அளவுக்கு மேல் ஒலி இருக்கிறதோ அதை விட்டுவைக்கும், குறைவாக இருப்பதை அமுக்கும்.

இப்போது பிரச்சினை புரியும். டேப்பின் 'ஸ்ஸ்' என்ற ஹிஸ் சத்தமும், 'ச' என்ற எழுத்தின் மூச்சும் ஒரே அலைவரிசையில் இருப்பவை. சொல்லின் கடைசியில் தேயும் ஒலி, பாடுகிறவர் இழுக்கும் மூச்சு, கூடத்தில் எழும் எதிரொலி எல்லாம் இரைச்சலின் அளவுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும். அளவை ஏற்ற ஏற்ற அவையும் சேர்ந்து போகும். அதோடு அமுக்கப்பட்டும் படாமலும் மிஞ்சுகிற துண்டுகள் தண்ணீருக்குள் மணி அடிப்பதாகக் கலகலவென்று கேட்கத் தொடங்கும். வெறும் ஹிஸ்ஸைக் காது சிறிது நேரத்தில் மறந்துவிடும், இந்தக் கலகலப்பை மறக்கவே மறக்காது. பெரும்பாலும் 6 டெசிபெல் குறைத்ததும் நான் நிறுத்திக்கொள்வேன். டெசிபெல் என்பது ஒலியின் அளவைச் சொல்லும் கணக்கு. "இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே" என்பார்கள், எடுக்கலாம், ஆனால் போவது வாப்பாவின் மூச்சு.

எல்லாக் கோளாறுக்கும் இதே முறை இல்லை. டப்பென்று வரும் க்ளிக் ஒரு சில சாம்பிள்தான் நீளம். அதை வெட்டிவிட்டு முன்னும் பின்னும் அலை எப்படிப் போகிறது என்று பார்த்து இடைவெளியை நிரப்பினால் காதுக்குத் தெரியவே தெரியாது. ஹம் 50, 100, 150 என்று குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நிற்பதால் அங்கே மட்டும் மெல்லியதாகச் செதுக்கலாம். குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து அளவுக்கு மீறிப் பதிவு செய்திருந்தால் அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும், ஓரளவுக்கு ஊகித்து வளைக்கலாம், ரொம்பவும் வெட்டுப்பட்டிருந்தால் கரகரப்பு நிற்கத்தான் செய்யும்.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்க ஒரு படம் உண்டு, ஸ்பெக்ட்ரோகிராம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக ஹெர்ட்ஸ், எங்கே ஒலி அதிகமோ அங்கே வெளிச்சம். க்ளிக் செங்குத்துக் கோடாகவும் ஹம் படுக்கைக் கோடாகவும் தெரியும். பேச்சுக்கு நடுவே அடித்த சைக்கிள் மணியைக்கூட அதில் தனியாகக் கண்டு அந்த இடத்தை மட்டும் குறைக்கலாம்.

எது இரைச்சல் என்பதை யார் முடிவு செய்வது

அம்பாப் பாட்டுப் பதிவில் அலை அடிக்கும் சத்தம் கேட்கும். ஒருவர் முன்னே பாட மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கி இழுக்கும்போது, கயிறு உராயும், யாரோ திட்டுவார், காற்று மைக்கில் அடிக்கும். இதில் காற்று மைக்கில் அடிக்கும் 'பொம் பொம்' பதிவுக் கருவியின் கோளாறு, குறைக்கலாம். அலையும் கயிறும் அந்தப் பாட்டின் தாளம். அவற்றை எடுத்தால் நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து பாடியதாகிவிடும். கேசட் கடிதத்தில் பின்னால் கேட்கும் பாங்குச் சத்தம், கோழி, ராத்தா (அக்கா) யாரையோ கூப்பிடுவது, இவையும் அப்படித்தான். நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: கருவி சேர்த்ததை எடுங்கள், இடம் சேர்த்ததை விடுங்கள்.

ஏஐ வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. குரலையும் பின்னணியையும் பிரிப்பதில் அது நிஜமாகவே திறமையானது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் டேப்பில் இல்லாத இடத்தை நிரப்பும்போது, ஆயிரக்கணக்கான வேறு குரல்களிலிருந்து கற்றுக்கொண்டதை வைத்து 'இங்கே இப்படி இருந்திருக்கும்' என்று அது புதிதாக ஒலியை உண்டாக்குகிறது. சினிமாவுக்கு அது போதும். இறந்துபோன ஒருவரின் குரலில் அப்படிச் செய்தால் வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அந்த இடத்தில் கேட்பது அவர் குரல் இல்லை.

சுருக்கமாக: க்ளிக், ஹம் போன்றவை இடம் தெரிந்து நிற்பதால் சுத்தமாக எடுக்கலாம், ஹிஸ் குரலோடு கலந்திருப்பதால் குறைக்கத்தான் முடியும், பதிவாகாததை மீட்க முடியாது.

கடைசியில் மாஸ்டரிங்

1948-இல் எல்பி இசைத்தட்டு வந்த காலத்தில், டேப்பில் இருக்கும் பாட்டைத் தட்டில் வெட்டுவதற்கென்று ஒருவர் இருந்தார். அடிச்சுருதி, அதாவது பாஸ் ஒலி, அதிகமானால் தட்டின் பள்ளம் அகலமாகிப் பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும், ஊசி துள்ளும். அதனால் பாட்டு தட்டில் அடங்கும்படி அவர் சரிசெய்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்த வேலை. தட்டில் கேட்பது அரிதாகிவிட்டது, கேட்கும் இடத்துக்குப் பாட்டைப் பொருத்துவது மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்று மாஸ்டரிங் என்றால் சத்தத்தை ஏற்றுவது என்றே நினைக்கிறார்கள். ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும், சத்தம் கூடும்போது அடிச்சுருதி காதுக்குக் கூடுதலாக எட்டும் என்பதை 1933-இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். உச்சிகளை ஒரு எல்லைக்கு மேல் போகவிடாமல் பிடிக்கும் கருவி லிமிட்டர். அதை நெருக்கினால் மெதுவான இடமும் உரத்த இடமும் ஒன்றாகி, தவில் அடியின் வேகமே போய்விடும். இவ்வளவு நெருக்கியும் பயன் இல்லை. காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தை எல்.யூ.எஃப்.எஸ். என்ற அளவில் பார்த்து, யூடியூப் சுமார் மைனஸ் 14-க்கு மேல் போகும் பாட்டைத் தானே குறைத்துவிடுகிறது.

நம் பக்கத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. திருவிழாப் பாட்டு முதலில் ஒலிக்கப்போவது குழாய் ஸ்பீக்கரில். அதில் அடிச்சுருதி வராது, இடது வலது என்ற ஸ்டீரியோவும் கிடையாது, இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் வரும். ஹெட்போனில் அகலமாகக் கேட்பதற்காக இடதையும் வலதையும் எதிரெதிர் அலையாக வைத்திருந்தால், கலக்கும்போது ஒன்றையொன்று அழித்து கோரஸே காணாமல் போகும். அதனால் திருவிழாப் பாட்டு எதுவாக இருந்தாலும் ஒரே சின்ன ஸ்பீக்கரில், இடதும் வலதும் ஒன்றாகக் கலந்த மோனோவில், ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் தருகிறேன்.

வேலைநாளும், கேசட் கொண்டுவருகிறவர்களுக்குச் சில யோசனைகளும்

காது சோர்ந்துவிட்டால் எல்லா முடிவும் தப்பாகும், எனவே நுட்பமான வேலை காலையில், இடையிடையே ஓய்வோடு. மதியம் கேசட் ஓட்டுவது, துடைப்பது, பெயர் எழுதுவது. ஃபேன் போட்டால் ஹிஸ் தெரியாது, நிறுத்தினால் இந்தப் புழுக்கத்தில் உட்கார முடியாது, ஆகவே கோடையில் முக்கியமான கேட்டலெல்லாம் விடியற்காலைக்குப் போய்விடும். கரன்ட் போனால் ஓடும் டேப் நடுவில் நிற்கும் என்பதால் யூபிஎஸ் இல்லாமல் டெக்கைத் தொடுவதில்லை.

கேசட் வைத்திருப்பவர்கள், 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று பழைய டூ இன் ஒன்னில் போட்டுப் பார்க்க வேண்டாம். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பட்டன் அமுங்கினாலும் அழியாது. பீரோவில், தரையிலிருந்து உயர்த்தி, நிமிர்த்தி வையுங்கள். யார் பேசுகிறார்கள், எந்த ஊரிலிருந்து, ஏறக்குறைய எந்த வருடம் என்று தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். வேலை முடிந்து ஃபைலை வாங்கும்போது மூல ஃபைலையும் கேட்டு வாங்குங்கள், இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போதுதான் ஃபைல் உள்ளபடியே போய்ச் சேரும்.